மலையகக் குளிரில் கலப்புத் தொட்டி: குட்டை சிக்லிட் எது, கூட யார்?

ஹட்டன்_நியோன்

வணக்கம். தொட்டி 36×15×15 அங்குலம். கணக்குக்கு 132 லீட்டர் வரும். மணல், கட்டை, மேல விட்ட இடைவெளி போக தண்ணி 110 லீட்டர் அளவு. ஸ்பொன்ஜ் பில்டர் ரெண்டு, 100 வாட் ஹீட்டர் ஒண்ணு. ராத்திரி வீட்டுக்குள்ள 15, 16 டிகிரிக்கு இறங்குது. ஹீட்டர் விடாம எரிஞ்சும் தொட்டி 23ஐத் தாண்ட மாட்டேங்குது.

இப்ப உள்ள மீன்: நியோன் டெட்ரா 12, கொரிடோரஸ் 6, டைகர் பார்ப் 5, சின்ன ஏஞ்சல் 2. இதுங்களோட குட்டை சிக்லிட்ல (சின்னதா வளர்ற, எல்லை பிடிச்சுக் குட்டி காக்கிற மீன்) புளூ ராம் ஒரு ஜோடி, கக்கடு அபிஸ்டோ ஒரு ஜோடி, கிரிபென்சிஸ் ஒரு ஜோடி போடலாமா? தண்ணி தோட்டத்துப் பீலி (மலையில இருந்து குழாய்ல வர்ற ஊத்துத் தண்ணி). பிஎச் 6.4. கேஎச் (பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கிற கார்பனேட் அளவு) சொட்டு டெஸ்ட்ல முதல் சொட்டுக்கே நிறம் மாறிடுது.

வேர்க்கட்டை

தம்பி, மூணு ஜோடிக்கு அங்க இடமில்ல. குட்டை சிக்லிட் லீட்டரைப் பார்க்காது, தரையைத்தான் பார்க்கும். உங்க தரை 36க்கு 15. குட்டி காவல் காக்கிற கிரிப் ஜோடி அதுல பாதிக்கு மேல "எங்களுது"ன்னு பிடிச்சுக்கும். மீதியில ராமும் அபிஸ்டோவும் மூலைக்கு மூலை ஒதுங்கி, சாப்பிடாம மெலியும். ஒரு இனம் மட்டும் எடுங்க.

எந்த இனம்னு நிறத்தைப் பார்த்து முடிவெடுக்காதீங்க, உங்க வீட்டுத் தெர்மோமீட்டரைப் பாருங்க.

புளூ ராம் வெனிசுவேலா, கொலம்பியா பக்கத்து வெப்பச் சமவெளி மீன். 27லிருந்து 30 டிகிரி வேணும். 23ல போட்டா நிறம் மங்கி, மூலையில நின்னு, வெள்ளைப் புள்ளி நோயோ குடல் நோயோ வந்து செத்துப்போயிரும். கடைக்காரர் மேல பழி போடுறோம், பல தடவை காரணம் குளிர்தான். சரின்னு தொட்டியை 28க்கு ஏத்தினா நியோனுக்கும் சாதாரண கொரிடோரஸுக்கும் அது சூடு. கலப்புத் தொட்டியில ராம் தோத்துப்போறது இந்த இடத்துலதான்.

பொலிவியன் ராம் 23 முதல் 26 வரைக்கும் சுகமா இருக்கும். நீலம் கம்மி, ஆனா உடம்பு உறுதி. கிரிபென்சிஸ் 24–26. கக்கடு 24–27. அபிஸ்டோ பொரெல்லி பராகுவே ஆத்துப்பக்க மீன், அங்க குளிர்காலமே உண்டு, 20–24 போதும். நுவரெலியாக்காரங்களுக்கு அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிஞ்சு இல்ல, ஆனா கடையில லேசில கிடைக்காது.

உங்களுக்கு: தொட்டியை 24.5 – 25ல நிறுத்துங்க. ஒரு ஜோடி பொலிவியன். நியோனும் கொரிடோரஸும் அப்படியே இருக்கட்டும். டைகர் பார்ப், ஏஞ்சல் ரெண்டும் வெளிய. டைகர் பார்ப் செட்டையைக் கடிக்கும், 5 பேர்ங்கிறது கூட்டம் பத்தாம இன்னும் மோசமாக் கடிக்கிற எண்ணிக்கை. ஏஞ்சல் வளர்ந்தா செட்டையோட சேர்த்து 15 அங்குல உயரம் பத்தாது, நியோனை முழுங்கிற அளவு வாயும் வந்துரும்.

கண்டிக்காரன்

புளூ ராமை முற்றாக ஒதுக்க வேண்டியதில்லை. கண்டி ஏறத்தாழ 500 மீட்டர் உயரம்தான். வீட்டுக்குள் இரவிலும் 22க்குக் கீழே போவது குறைவு. அதே 100 வாட் ஹீட்டர் இங்கே 28ஐப் பிடிக்கும். துணைக்கு கார்டினல் டெட்ரா, ரம்மிநோஸ், ஸ்டெர்பை கொரிடோரஸ் போட்டால் எல்லோருக்கும் 27–28 ஒத்துவரும். பழகிய தொட்டியாக இருக்க வேண்டும். புதிய தொட்டியில் ராம் நிற்காது. நைட்ரேட் லீட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கட்டும்.

வாங்கும்போது கவனிக்க: 3 சென்ரிமீட்டர்கூட இல்லாத குட்டி முழு நிறத்தில் மின்னினால் சந்தேகப்படுங்கள். ஹோர்மோன் கொடுத்து நிறம் ஏற்றிய பண்ணை மீன்கள் சந்தையில் உண்டு. சில வாரங்களில் நிறம் போய்விடும், இனப்பெருக்கத்துக்கும் சரிவராது. வயிறு உள்ளே ஒட்டியது, வெள்ளை நூல்போல மலம் தொங்குவது இரண்டையும் எடுக்காதீர்கள்.

வேர்க்கட்டை

கண்டிக்கும் மாத்தளைக்கும் நீங்க சொல்றது சரிதான் அண்ணே. ஹட்டன் 1270 மீட்டர், அங்க 28 பிடிக்கணும்னா கரண்ட் பில்லுக்கு மீன் வளர்க்கிற மாதிரி ஆயிரும்.

குளிர்மேடு

ஹீட்டர் பற்றி. தம்பியின் எண்களிலிருந்தே கணக்கு வரும்: 100 வாட், அறைக்கு மேல் 7.5 டிகிரி. ஆகவே இந்தத் தொட்டி ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஏறத்தாழ 13 வாட் இழக்கிறது. 15லிருந்து 25க்கு ஏற்ற 130 வாட் இடைவிடாமல் வேண்டும். 100 வாட் இரண்டு போடுங்கள், இரு கோடியிலும் ஒவ்வொன்று, பில்டர் குமிழிக்குப் பக்கத்தில்.

ஒரே 300 வாட் வாங்காதீர்கள். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் 300 வாட் மீனை அவித்துவிடும். 100 வாட் ஒன்று ஒட்டிக்கொண்டால், காப்பு இல்லாத இந்தத் தொட்டி பகலில் அறை 21 ஆனாலும் 29ஐத் தாண்டாது.

வோல்டேஜையும் பாருங்கள். 230 வோல்ட் ஹீட்டருக்கு 190 வோல்ட் வந்தால் வலு வர்க்கப்படி குறையும்: 100 வாட் 68 வாட் ஆகும். தோட்டப் பக்கம் லைன் கடைசியில் இருக்கும் வீடுகளில் மாலை 6லிருந்து 10 வரை இது நடக்கும், அதுவும் குளிர் ஏறும் நேரம். "ஹீட்டர் பழுது" என்று மாற்றுவதற்கு முன் மல்டிமீட்டரால் பாருங்கள்.

ஹீட்டர் வாங்குவதற்கு முன் ரெஜிபோம் (வெள்ளைத் தெர்மோகோல்) காப்பு. ஒரு அங்குலத் தகடு அடியில், பின்புறம், இரு பக்கமும் வெளியே ஒட்டுங்கள். மேலே 4 மில்லிமீட்டர் கண்ணாடி மூடி, வயர் போக மட்டும் இடைவெளி. திறந்த மேற்பரப்பில் ஆவியாகும் நீர்தான் பெரிய திருடன். மூடியும் ரெஜிபோமும் சேர்ந்தால் இழப்பு ஏறத்தாழ பாதியாகும். 100 வாட் ஹீட்டர் நாளில் பாதி நேரம் எரிந்தால் மாதம் 36 யூனிட். பில்லில் அடுத்த படிக்கு ஏறுவதற்கு அதுவே போதும்.

கையை விடுமுன் பிளக்கைக் கழற்றுங்கள். ட்ரிப் சுவிட்ச் இல்லாத லைனில் தொட்டி ஹீட்டரே போடாதீர்கள்.

ஹட்டன்_நியோன்

நன்றிண்ணே. கரண்ட் போனா எவ்வளவு நேரம் தாங்கும்?

குளிர்மேடு

காப்பு இல்லாவிட்டால் முதல் மணித்தியாலத்தில் ஏறத்தாழ 1 டிகிரி, பிறகு வேகம் குறையும். காப்பு இருந்தால் அதில் பாதி. நாலு ஐந்து மணித்தியாலத்துக்குப் பதற வேண்டாம், மேலே ஒரு கம்பளி போட்டு மூடுங்கள். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை வெட்டினார்களே, அந்த மாதிரி வந்தால்தான் சுடுநீர்ப் போத்தல் வேண்டும். ஒன்றரை லீட்டர் பிளாஸ்டிக் போத்தலில் 60 டிகிரி நீர் நிரப்பி மூடி மிதக்கவிட்டால் 110 லீட்டர் அரை டிகிரி ஏறும். இறங்கவிடாமல் பிடிக்க அது போதும். அதற்கு மேல் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் போத்தல் நெளிந்து மூடி கசியும்.

சூட்டைவிடக் காற்று அவசரம். பட்டரியில் ஓடும் எயார் பம்ப் ஒன்று ஸ்பொன்ஜ் பில்டர் குழாயில் மாட்டினால் பில்டரில் கழிவைச் சிதைக்கும் பக்டீரியாவும் பிழைக்கும்.

பீலித்தண்ணி

எல்லாரும் சூட்டைப் பிடிச்சுக்கிட்டீங்க. அந்தக் கேஎச் முதல் சொட்டுல மாறுதுன்னாரே, அதுதான் எனக்குப் பயம். மலைப் பாறை வழியா வர்ற பீலித் தண்ணியில சுண்ணாம்பு கிடையாது. மெத்துன்னு இருக்கும், தென்னமெரிக்க மீனுக்கு அருமையான தண்ணிதான். ஆனா தாங்கிப் பிடிக்க ஒண்ணுமில்லாததால பிஎச் ஒருநாள் 6.4, ரெண்டு மாசத்துல 5.5ன்னு இறங்கிடும்.

6க்குக் கீழ போனதும் பில்டர் பக்டீரியா மந்தமாயிடும், அமோனியா சேரும். சேர்ந்தும் மீன் சாகாது. ஏன்னா 25 டிகிரியில பிஎச் 6ல மொத்த அமோனியாவுல 0.06 வீதந்தான் நச்சு வடிவம். அப்புறம் ஒருநாள் "தண்ணி பழசாயிருச்சு"ன்னு பாதித் தண்ணியை மாத்தி, வேற குழாய்த் தண்ணியை ஊத்துவீங்க. பிஎச் 8க்கு ஏறினா அதே அமோனியாவுல 5 வீதத்துக்கு மேல நஞ்சாயிடும். மறுநாள் காலையில எல்லாம் மிதக்கும். "புதுத் தண்ணி ஒத்துக்கல"ன்னு சொல்ற சாவுல நிறைய இதுதான்.

கேஎச் 2ல நிறுத்துங்க, போதும். ஒரு லீட்டருக்கு ஒரு டிகிரி கேஎச் ஏத்த 30 மில்லிகிராம் அப்பச்சோடா. 110 லீட்டருக்கு 2 டிகிரின்னா 6.6 கிராம். தேக்கரண்டியில பாதி வீதம் மூணு நாளைக்குக் கரைச்சு ஊத்துங்க, ஒரே நாள்ல கொட்டாதீங்க. அதுக்கப்புறம் வாராவாரம் மாத்துற 22 லீட்டருக்குக் கால் தேக்கரண்டி. சோடாவுல கல்சியம் கிடையாது. அதுக்குக் கணவாய் ஓடு ஒரு துண்டு பில்டருக்குப் பக்கத்துல போட்டு வைங்க. தண்ணி புளிச்சா கரையும், சரியானா நின்னுக்கும்.

மழை பெஞ்ச கையோட பீலியில பிடிக்காதீங்க. உரம் போட்ட மலையில இருந்து யூரியாவும், களை மருந்தும் அடிச்சுக்கிட்டு வரும். மருந்தடிச்ச வாரம் முழுக்க வேணாம். நல்ல தண்ணியை முன்கூட்டியே பீப்பாயில பிடிச்சு மூடி வைங்க.

கண்டிக்காரன்

குழாய் நீர் பாவிப்போருக்கு: சோடியம் தயோசல்பேட் கல் 10 கிராமை 100 மில்லிலீட்டர் நீரில் கரைத்துக் கருநிறப் போத்தலில் வையுங்கள். 10 லீட்டருக்கு 1 மில்லிலீட்டர் வழமையான குளோரினுக்குப் போதும்.

சிரட்டைக்குகை

தண்ணீர் மாற்றும்போது குளிர் அதிர்ச்சியையும் சேர்த்துச் சொல்லுங்கள். 25 டிகிரித் தொட்டியில் ஐந்திலொரு பங்கை 16 டிகிரிப் பீலி நீரால் மாற்றினால் ஒரே நொடியில் கிட்டத்தட்ட 2 டிகிரி இறங்கும். நியோன் சகிக்கும். அதே வாரத்தில் ராமில் வெள்ளைப் புள்ளி வரலாம். கேத்தலில் கொதித்த 1 லீட்டருக்கு 8 லீட்டர் 16 டிகிரி நீர் கலந்தால் 25 வரும். முதலில் வாளியில் கலந்து, தெர்மோமீட்டரால் பார்த்து, பிறகு ஊற்றுங்கள்.

இனி குகையும் தரையும். தம்பி பொலிவியன் எடுத்தால் குகை தேவையில்லை. தட்டைக் கல்லில் முட்டையிடும் மீன் அது. உள்ளங்கை அகலத்தில் இரண்டு மூன்று கல் வையுங்கள். கிரிப், அபிஸ்டோ என்றால் சிரட்டை வேண்டும். கண் பக்கத்தில் 3, 4 சென்ரிமீட்டர் ஓட்டை, தும்பு முழுவதும் சுரண்டி, நீர் நிறம் விடாதவரை இரண்டு மூன்று தடவை அவிக்க வேண்டும். தயிர்ச் சட்டியைக் கவிழ்த்து விளிம்பில் சிறிது உடைத்தாலும் சரி. உடைத்த இடத்தை அரத்தால் மழுக்குங்கள். ஒரு பெண்ணுக்கு இரண்டு குகை என்று வையுங்கள், வாசல்கள் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது. கக்கடுவில் ஒரு ஆணுக்கு இரண்டு பெண் இந்தத் தொட்டிக்கு அளவு. குகைக்குக் குகை ஒரு அடி தள்ளி, நடுவில் கட்டையோ செடியோ மறைப்பாக இருக்கட்டும்.

மணல் நுளம்பு வலையில் சலித்த மெல்லிய ஆற்று மணல், 3 சென்ரிமீட்டர் கனம். ஒரு பிடி மணலில் தேசிக்காய் பிழிந்து பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. கூரான சிறுகல் போட்டால் கொரிடோரஸின் மீசை தேயும், அபிஸ்டோ மணலை வாயில் அள்ளிச் சலிக்கவும் முடியாது.

பீலித்தண்ணி

அக்கா சொன்னதோட கட்டையையும் சேர்த்துக்கிறேன். நம்ம பக்கம் தேயிலை வேர்க்கட்டை சும்மா கிடைக்கும், பார்க்க அழகு, ஆனா புதுசாப் பிடுங்கினதைப் போட்றாதீங்க. கொப்புள நோய்க்குச் செம்பு மருந்து அடிச்ச செடியா இருக்கும். செம்பு இறாலைக் கொல்லும், மீனுக்கும் மெத்துத் தண்ணியில ரொம்ப விஷம். பல மாசம் மழையில வெயில்ல கிடந்து, பட்டை தானா உரியிற பழைய வேரா எடுத்து, அவிச்சு, தண்ணியை மாத்தி மாத்தி ஊற வைச்சு அப்புறம் போடுங்க. இலைன்னா காய்ஞ்ச கொய்யா, பலா, வாதுமை சரி. யூக்கலிப்டஸ், பைனஸ் ரெண்டும் எண்ணெய் விடும், கிட்டவே கொண்டுபோகாதீங்க.

(பேர்ல வேர்க்கட்டைய வச்சுக்கிட்டு இதை நீங்க சொல்லாம விட்டீங்களே அண்ணே 🙂)

வேர்க்கட்டை

நீங்க சொல்லட்டும்னுதான் 🙂

ஹட்டன்_நியோன்

கொரிடோரஸ் இருக்கலாம்னு வேர்க்கட்டை அண்ணன் சொன்னார். வேற இடத்துல சிக்லிட்டோட கூடவே கூடாதுங்கிறாங்களே?

சிரட்டைக்குகை

எந்தச் சிக்லிட் என்பதில்தான் பதில். கொரிடோரஸுக்கு எல்லைக்கோடு புரியாது. டெட்ராவை ஒருதரம் துரத்தினால் மறுதரம் அந்தப் பக்கம் போகாது. கொரிடோரஸ் முகத்தில் முட்டு வாங்கியும் மணலை முகர்ந்துகொண்டே திரும்ப வரும். குட்டி காக்கும் கிரிப் அதன் கண்ணையே குறிவைக்கும். இரவில் நிலைமை தலைகீழ்: இருட்டில் சிக்லிட்டுக்குப் பார்வை இல்லை, கொரிடோரஸ் மோப்பத்தில் வந்து முட்டையைத் தின்றுவிடும். மூன்றடியில் கிரிப்பும் கொரிடோரஸும் சேர்ந்தால் யாராவது ஒருவர் தோற்பார்.

பொலிவியன் அவ்வளவு மூர்க்கம் இல்லை. துரத்தும், காயப்படுத்துவது அரிது. முட்டை போவது மட்டும் நிச்சயம். குட்டி வேண்டாம் என்றால் தாராளமாக வைத்திருங்கள்.

வேர்க்கட்டை

ஒத்துக்கிறேன் அக்கா. மேல் தண்ணியில யாருன்னும் பார்க்கணும். மேல, நடுவுல மீன் நிம்மதியாத் திரிஞ்சாத்தான் சிக்லிட் "ஆபத்தில்ல"ன்னு வெளிய வரும். மேல வெறுமையா இருந்தா பகல் முழுக்க ஒளிஞ்சே கிடக்கும், ஆளுங்க "கூச்சப்படுது"ன்னு நினைச்சுக்குவாங்க. 24–25க்குப் பொருத்தம்: நியோன், பிளாக் நியோன், எம்பர், செரி பார்ப், பென்சில் மீன். நுவரெலியா மாதிரி 21–22ல பொரெல்லி வச்சா வைட் கிளவுட், சீப்ரா டேனியோ.

கூடாதது: பைட்டர், சிவப்பு வால் ஷார்க், சீன அல்கா ஈட்டர், சக்கர், தங்கமீன். குளிர் தாங்கும்னு நம்ம பக்கம் எல்லாத் தொட்டியிலயும் தங்கமீனைத் தள்ளிவிடுறாங்க. அது போடுற கழிவைக் குட்டை சிக்லிட் தாங்காது. கப்பிக்கு உங்க மெத்துத் தண்ணியே ஒத்துக்காது, பெரிய வாலும் கடிபடும்.

ஹட்டன்_நியோன்

செரி பார்ப் நம்ம நாட்டு மீன்தானே, ஓடையில பிடிச்சுக்கலாமா? இன்னொண்ணு, டைகர் பார்ப்பையும் ஏஞ்சலையும் காசல்ரீ நீர்த்தேக்கத்துல விட்டா பிழைக்குமா?

கண்டிக்காரன்

இரண்டுமே வேண்டாம் தம்பி. செரி பார்ப் தென்மேற்குத் தாழ்நில ஈரவலயத்து நிழலோடை மீன். ஹட்டன் ஓடையில் தேடினால் கிடைக்காது. நம் உள்நாட்டு நன்னீர் மீன்கள் பலவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. தொட்டியில் இனப்பெருக்கிய செரி பார்ப் கடையில் தாராளம், நிறமும் நன்றாக இருக்கும்.

நீர்த்தேக்கத்தில் எதையும் விடாதீர்கள். தொட்டியிலிருந்து போன கத்தி மீனும் சக்கரும் இன்று இலங்கைக் குளங்களில் செய்யும் சேதம் போதும். கடையில் மாற்றிக்கொள்ளுங்கள், காசு வராவிட்டாலும் பரவாயில்லை.

இதோடு ஒன்று: நம் நாட்டிலும் இயற்கையாக வாழும் சிக்லிட் இருக்கிறது, ஒரேஞ்ச் குரோமைட். 8 சென்ரிமீட்டர்தான் வளரும் என்பதால் சிலர் குட்டை சிக்லிட் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். அது கரையோரக் களப்பு மீன், கடின நீரும் சிறிது உப்பும் விரும்பும். பீலி நீருக்குச் சரிவராது.

வேர்க்கட்டை

போடுற வரிசை: முதல்ல ஹீட்டர், ரெஜிபோம், கேஎச். ஒரு வாரம் காலை, ராத்திரி சூடு எழுதிப் பாருங்க. வித்தியாசம் 1 டிகிரிக்குள்ள நின்னா சரி. டைகர் பார்ப், ஏஞ்சலை எடுங்க. பொலிவியனைத் தனிப் பேசின்ல 4 வாரம் வைங்க, அதுக்கும் ஒரு ஸ்பொன்ஜ், ஒரு சின்ன ஹீட்டர். பெரிய தொட்டியில விடுற அன்னிக்குக் கல், கட்டையை இடம் மாத்திப் போட்டு, லைட்டை அணைச்சிட்டு விடுங்க.

ஜோடி கடையில கட்டிக் கொடுக்க மாட்டாங்க. பொலிவியன்ல ஆண் பெண் பிரிக்கிறது சின்னதுல கஷ்டம். 5 குட்டி வாங்கி, தானா சேர்ற ஜோடியை வச்சிக்கிட்டு மத்ததைத் திருப்புங்க. கிரிப்னா சுலபம்: பெண் குட்டை, வயிறு செம்பருத்தி நிறம், ஆண் நீளம், முதுகுச் செட்டை நுனி கூர்.

தீனியில நியோன் முந்திக்கும். ஒரு ஓரத்துல மேல் தீனியைத் தூவி டெட்ராவை இழுத்துட்டு, மறு ஓரத்துல மூழ்குற குருணையைப் போடுங்க. ரெண்டு நிமிஷத்துல மணல்ல மிச்சம் இருந்தா கூடிப்போச்சுன்னு அர்த்தம். வாரம் ரெண்டு தடவை உறைஞ்ச இரத்தப்புழு. கடையில விக்கிற உயிர் டியூபிபெக்ஸ் சாக்கடைப் புழு, வேணாம். நுளம்புக் குடம்பி நல்ல தீனிதான், ஆனா வாளியில தண்ணி வச்சு வளர்க்காதீங்க. 2007ஆம் ஆண்டு 11ஆம் இலக்கச் சட்டத்துல நுளம்பு பெருக இடம் கொடுக்கிறதே குற்றம்.

ஹட்டன்_நியோன்

சரிண்ணே, பொலிவியன் 5க்குச் சொல்லி வைக்கிறேன். முட்டை போட்டு, ஒரு தடவையாச்சும் குட்டியைக் காப்பாத்தணும்னா?

சிரட்டைக்குகை

முட்டையிட்ட கல்லை ஜோடியோடு ஒரு மூலையில் வைத்து, தொட்டியின் மூன்றிலொரு பங்கைப் பிளாஸ்டிக் வலைத்தகட்டால் பிரியுங்கள், கொரிடோரஸ் மறுபக்கம். ஒரு ஸ்பொன்ஜ் பில்டரும் ஒரு ஹீட்டரும் உள்பக்கம் வரவேண்டும். தகடு மணலில் புதையட்டும், இல்லாவிட்டால் கொரிடோரஸ் அடியால் தோண்டி நுழையும். 25 டிகிரியில் இரண்டரை, மூன்று நாளில் பொரிக்கும், பெற்றோர் மணலில் பள்ளம் தோண்டிக் குஞ்சுகளை மாற்றி வைக்கும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் நீந்தும். அன்றிலிருந்து ஆர்டீமியா (உப்பு நீர்ச் சிற்றிறால்) குஞ்சு நாளுக்கு மூன்று தடவை. ஆர்டீமியா பொரிக்கும் போத்தலையும் 26, 28 டிகிரியில் வைக்க வேண்டும், மலையகத்து அடுப்படி மேசையில் வைத்தால் பொரிக்க இரண்டு நாளுக்கு மேல் இழுக்கும். போத்தலைத் தொட்டி மூடிக்குள் ஹீட்டர் பக்கமாகத் தொங்கவிடுங்கள்.

இரவில் அறையில் மங்கலான சின்ன பல்ப் ஒன்று எரியட்டும். முதல் இரண்டு முட்டைத் தொகுதியைப் பெற்றோரே தின்றால் ஜோடியைப் பிரிக்காதீர்கள், இளம் ஜோடி அப்படித்தான் செய்யும்.